ஆய்வேட்டுக்கு முன்னே புறப்படும் தாள்கள்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் பேருந்து கீரனூரையும் மாத்தூரையும் தாண்டி, திருச்சி நகருக்குள் நுழையுமுன் பல்கலைப்பேரூரில் நிற்கும். 1982-இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் வளாகம் அங்கேதான். புதுக்கோட்டை மாமன்னர் கல்லூரியிலும் கலைஞர் கருணாநிதி அரசு மகளிர் கலைக் கல்லூரியிலும் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்களுக்கு அந்த நிறுத்தம் நன்றாகப் பழகியது. பதிவு, கட்டணம், ஆய்வுக் குழுவின் அறிக்கை என்று எத்தனையோ காரியங்களுக்கு அங்கே இறங்கியிருப்பார்கள். ஒரு நாள் ஆய்வுச் சுருக்கத்தோடு இறங்குவார்கள். அன்றைக்கு ஆய்வேடு இன்னும் டி.டி.பி. கடையில் பிழைதிருத்தத்தில் கிடக்கும். ரெக்ஸின் அட்டையும் அதன்மேல் பொன்னெழுத்தும் பிறகுதான் வரும். சினாப்சிஸ் என்று மாணவர்கள் சொல்லும் அந்தச் சில தாள்கள் முன்னே போய்விடும்.

அந்தத் தாள்களின் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். அவை எங்கே பிறக்கின்றன, யார் கைக்கெல்லாம் போகின்றன, எங்கே தங்கிவிடுகின்றன என்று பின்தொடர்ந்து பார்த்தால் ஓர் உண்மை தெரியும். முந்நூறு பக்க ஆய்வேட்டை முழுதாகப் படிப்பவர்கள் மிகச் சிலர். சுருக்கத்தைப் படிப்பவர்களோ பலர். அவர்களில் பெரும்பாலோர் ஆய்வேட்டைக் கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை. இத்தனை தூரம் போகிற தாள்கள் ஆய்வாளர் கண்டறிந்த சேதியைச் சுமந்து போகின்றனவா என்பதே என் கேள்வி.

அக்காவின் கோப்பு

திருமயம் பக்கத்துச் சிற்றூர்களில் ஐயனாருக்கு மண்குதிரைகளை எடுத்துச் செலுத்தும் புரவியெடுப்பு விழா நடப்பதைப் பற்றி ஒரு மாணவி ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்திருக்கிறார். அந்தக் குதிரைகளைச் செய்யும் குயவர்களான வேளார் வீட்டுச் சூளைக்கருகே உட்கார்ந்து பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்திருக்கிறார். திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறார். பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மையாரும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டிக் குறிப்பெடுத்திருக்கிறார். தரவுகள் குவிந்துவிட்டன, இயல்கள் எழுதியாகிவிட்டது. சுருக்கத்தைக் கொடுக்கவேண்டிய நாள் நெருங்குகிறது. என்ன செய்வார்? முந்தைய ஆண்டு பட்டம் வாங்கிய மூத்த மாணவியைக் கூப்பிடுவார்.

"அக்கா, உங்க சினாப்சிஸ் ஃபைல் இருந்தா அனுப்புறீங்களா?"

"அனுப்புறேன்மா. தலைப்பையும் கருதுகோளையும் இயல் பேரையும் மாத்திக்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

அந்த அக்காவுக்கும் அது வேறோர் அக்காவிடமிருந்து வந்ததுதான். தமிழ்த் துறைகளில் ஆய்வுச் சுருக்கத்தின் அமைப்பு கைமாறி வருவது இப்படித்தான். அதன் உட்தலைப்புகளை ஆய்வு மாணவர் எவரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்: முன்னுரை, ஆய்வுத் தலைப்பு, ஆய்வு நோக்கம், கருதுகோள், ஆய்வு எல்லை, முன்னாய்வுகள், முதன்மை ஆதாரங்கள், துணைமை ஆதாரங்கள், ஆய்வு அணுகுமுறை, இயல் பகுப்பு, முடிவுரை. இவற்றில் அதிக இடம் பிடிப்பது இயல் பகுப்பு. முதல் இயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் வரலாற்றை எடுத்துரைக்கிறது. இரண்டாம் இயல் ஐயனார் வழிபாட்டின் தோற்றத்தை ஆராய்கிறது. மூன்றாம் இயல் புரவியெடுப்பின் சமூகப் பின்னணியை விளக்குகிறது. நிறைவுரையில் ஆய்வின் முடிவுகள் தொகுத்துரைக்கப்படுகின்றன. ஆராய்ந்ததில் என்ன தெரிந்தது, தொகுத்துரைத்த முடிவுகள் எவை என்பது மட்டும் அந்தத் தாள்களில் இருக்காது.

இதை மாணவியின் சோம்பலாக நினைக்கக்கூடாது. மூன்று ஆண்டு வெயிலில் அலைந்தவர் ஒரு பக்கம் எழுதச் சோம்பமாட்டார். அவர் கைக்கு வந்த அமைப்பே முடிவைச் சொல்ல இடம் வைக்கவில்லை. அந்த அமைப்பு எங்கிருந்து வந்தது?

பாயிரத்தின் வழித்தோன்றல்

நூலுக்கு முன் சில வரிகளில் நூலைப் பற்றிச் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் ஆதரவில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டிய எட்டுச் செய்திகளை வகுத்துத் தந்தார். நூலின் பெயர், செய்தவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, எந்த நூலுக்குப் பின் இதைக் கேட்கவேண்டும் என்னும் யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலமும் களமும் காரணமும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம் இவற்றில் பலவற்றைச் சொல்லிவிடுகிறது. வேங்கடத்துக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலம் என்று எல்லை வகுக்கிறது. பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ஐயமறச் சொல்லி அரங்கேற்றியதையும் பதிவுசெய்கிறது.

இந்த எட்டையும் இன்றைய ஆய்வுச் சுருக்கத்தின் உட்தலைப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழி என்பது முன்னாய்வுகள். எல்லை என்பது ஆய்வு எல்லை. நுதலிய பொருள் என்பது ஆய்வுப் பொருள். பயன் என்பது ஆய்வின் பயன்பாடு. ஆய்வியல் கையேடுகள் மேலைநாட்டு நெறிகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோதும், நம் ஆசிரியர்களின் மனத்தில் நன்னூல் வகுத்த வரிசையே நின்றிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்ன நூலிலிருந்து இன்ன நூலுக்கு வந்தது என்று காட்டும் சான்று என்னிடம் இல்லை. வரிசைகளின் ஒற்றுமையே இப்படி எண்ணவைக்கிறது.

அது பெருமைக்குரிய மரபு. ஆனால் பாயிரத்துக்கும் சுருக்கத்துக்கும் வேலை வேறு. பாயிரத்தைக் கேட்பவர் அடுத்து நூலைக் கேட்கப்போகிறவர். ஆசிரியர் எதிரே இருக்கிறார். சுவடி கையில் இருக்கிறது. நூல் சொல்லும் முடிவைப் பாயிரமே சொல்லிவிடத் தேவையில்லை. ஆகவே எட்டில் அதற்கு இடமில்லை. ஆய்வுச் சுருக்கமோ நூல் போகமுடியாத இடத்துக்குத் தனியே போகிறது. அங்கே அதைப் படிப்பவருக்கு அடுத்த பக்கம் என்று ஒன்று கிடையாது.

லைப்சிக்கும் ஆன் ஆர்பரும்

நூலை விட்டுத் தனியே பயணம் போகும் சுருக்கம் ஐரோப்பாவில் வேறொரு நெருக்கடியில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அறிவியல் இதழ்கள் பெருகின. எல்லாவற்றையும் ஒருவர் வாங்கவோ படிக்கவோ முடியாமல் போயிற்று. 1830-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மருந்தியல் கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டுமே தொகுத்துத் தரும் இதழ் ஒன்று தொடங்கியது. லண்டன் ராயல் சொசைட்டி தன் கட்டுரைகளின் சுருக்கங்களை 1832 முதல் தனித் தொகுதிகளாக வெளியிட்டது. அமெரிக்க வேதியியலாளர்கள் 1907-இல் வேதியியல் சுருக்கங்களுக்கென்றே பேரிதழ் ஒன்றைத் தொடங்கினர். எங்கோ ஒரு சோதனைச் சாலையில் இருப்பவருக்கு மூலக் கட்டுரை கிடைக்காது, கிடைத்தாலும் மொழி புரியாது. இன்ன பொருளை இவ்வளவு சூட்டில் காய்ச்சினால் இன்னது கிடைக்கும் என்று சுருக்கமே சொல்லிவிட்டால் அவருக்கு வேலை நடக்கும்.

பல்கலைக்கழக ஆய்வேட்டுக்கு இந்த வழக்கம் 1938-இல் வந்தது. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் யூஜின் பவர் என்பவர் ஆய்வேடுகளை நுண்படச் சுருளில் பதிந்து விற்கத் தொடங்கினார். எந்தச் சுருளை வாங்குவது என்று வாங்குபவர் முடிவுசெய்ய, ஆய்வேடுகளின் சுருக்கங்களை அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பினார். முனைவர் பட்ட ஆய்வேட்டின் சுருக்கத்துக்கு 350 சொல் என்ற வரம்பு அந்த நிறுவனத்தின் வழியாகவே நெடுங்காலம் உலகெங்கும் நிலைத்தது. சுருக்கம் எப்படி அமையவேண்டும் என்பதற்கு 1976-இல் உலகத் தர நிறுவனம் ஐ.எஸ்.ஓ. 214 என்ற வரையறை தந்தது. 1987-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று, நோக்கம், முறை, முடிவு என்று உட்தலைப்பிட்ட சுருக்கங்களைக் கேட்கத் தொடங்கியது. மற்ற மருத்துவ இதழ்களும் அந்த வழிக்கு வந்தன. நோயாளியை வைத்துக்கொண்டு அவசரமாகப் படிக்கும் மருத்துவருக்கு எது எங்கே இருக்கிறது என்று உடனே தெரியவேண்டும் அல்லவா?

சுருக்கங்களின் நடையையே ஆராய்ந்தவர்களும் உண்டு. ஜான் சுவேல்ஸ் 1990-இலும் கென் ஹைலண்ட் 2000-இலும் வெளியிட்ட நூல்கள் இத்துறையில் அடிப்படையானவை. பல துறைக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் பகுத்துப் பார்த்த ஹைலண்ட், அவற்றில் ஐந்து அசைவுகளைக் கண்டார்: பின்னணி, நோக்கம், முறை, கண்டது, அதனால் தெளிவது. எல்லாச் சுருக்கத்திலும் ஐந்தும் இருப்பதில்லை. ஆனால் கண்டது என்னும் நான்காவது அசைவு பெரும்பாலான சுருக்கங்களில் தவறாமல் இருந்தது. நம் அக்காவின் கோப்பில் இல்லாதது அதுதான்.

புதுக்கோட்டையே காட்டிய வழி

இதைக் கற்றுக்கொள்ள நாம் லைப்சிக்குக்குப் போகவேண்டியதில்லை. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1929-இல், ஊர் ஊராகப் படியெடுத்த கல்வெட்டுகளை அரச மரபு வாரியாக வரிசைப்படுத்தி நூலாக அச்சிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடம் அதில் இருக்கிறது. அதே ஆண்டில் கல்வெட்டுகளின் காலவரிசைப் பட்டியல் ஒன்றும் வந்தது. எந்த ஊர், எந்த அரசர், என்ன சேதி என்று சில வரிகளில் சொல்லிவிடும் பட்டியல் அது. பின்னர் 1940-களில் கே.ஆர். சீனிவாச ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் தொகுதிகளாக வெளிவந்தது.

அந்தப் பணியின் இயல்பைக் கவனியுங்கள். குடுமியான்மலையிலும் நார்த்தாமலையிலும் திருக்கட்டளையிலும் பாறைமேல் ஏறிப் படியெடுத்தவர், இக்கல்வெட்டு கொடையின் பின்னணியை விளக்குகிறது என்று எழுதிவிட்டு நிறுத்த முடியாது. யார், யாருக்கு, எதைக் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று எழுதியாகவேண்டும். அதனால்தான் பாறையைக் காணாதவர்களும் அந்தத் தொகுப்புகளை நம்பி ஆராய முடிந்தது. நிக்கலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் புதுக்கோட்டை அரசைப் பற்றி 1987-இல் வெளியிட்ட ஆய்வு நூல், உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் படிக்கப்படுகிறது. கோயில் மரியாதைக்கும் நில உரிமைக்கும் அரசதிகாரத்துக்கும் உள்ள உறவை அவர் எழுதியபோது, இவ்வூர்க் கல்வெட்டுத் தொகுப்புகள் அவருக்குப் பெருந்துணையாக நின்றன. சேதியைச் சொல்லும் தொகுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கல்வெட்டுக்கு அது சரி, இலக்கிய ஆய்வில் கண்டுபிடிப்பு என்று என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மு. வரதராசன் 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு, சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றியது, ஆங்கிலத்தில் எழுதியது. சங்கப் புலவர்கள் இயற்கையை அதற்காகவே வருணிப்பதைவிட, மனித உணர்வுக்குப் பின்புலமாக நிறுத்துகிறார்கள் என்பதே அதன் சாரம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஒரு கூற்று கிடைத்துவிட்டது. இலக்கிய ஆய்வின் கண்டுபிடிப்பு அதுதான்.

பல்கலைப்பேரூருக்கு அப்பால்

சுருக்கம் பல்கலைக்கழக அலுவலகத்தில் பதிவாகிறது. அடுத்து, தேர்வாளராக இருக்க இசைவு கேட்கும் கடிதத்தோடு வெளியூர்ப் பேராசிரியர்களிடம் போகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி நெறியாளரைத் தவிர வெளித் தேர்வாளர் குறைந்தது இருவர் வேண்டும். இந்த ஆய்வேட்டை மதிப்பிட நான் தகுதியானவனா, இதில் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று அவர் முடிவெடுப்பது அந்தத் தாள்களை வைத்தே. ஆய்வேடு வந்துசேருமுன் ஆய்வாளரைப் பற்றிய முதல் எண்ணம் அங்கே உருவாகிவிடுகிறது.

மென்பொருள் சோதனையும் ஒன்று உண்டு. 2018-இல் வந்த விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை; 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். அந்தச் சோதனை, பிறர் சொற்கள் எவ்வளவு இருக்கின்றன என்று எண்ணும். தன் சேதி எவ்வளவு இருக்கிறது என்று எண்ண அதற்குத் தெரியாது.

பொது வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் அறிவித்தபிறகு சுருக்கத்தின் நீண்ட பயணம் தொடங்குகிறது. மானியக் குழுவின் 2009 விதிகள் ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாக்கின. குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் அது ஏறுகிறது. நாடு முழுவதிலுமிருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வோர் ஆய்வேட்டையும் இயல் இயலாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்பாக ஏற்றுகிறார்கள். முகப்பில் ஒரு விவரப் பக்கம்; தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், சுருக்கம்.

தமிழ் ஆய்வேடுகளுக்கு இங்கே ஒரு தனி இடர் உண்டு. டி.டி.பி. கடைகளில் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்தது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில். தாளில் அழகாக விழும் அந்த எழுத்து, கணினித் தேடலுக்கு அர்த்தமில்லாத ரோமன் எழுத்துக் கூட்டமாகத் தெரியும். வருடியில் படமெடுத்து ஏற்றிய கோப்புகளிலோ தேட எதுவும் கிடையாது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் பழைய பழக்கம் உடனே மாறிவிடவில்லை. ஆகவே புரவியெடுப்பு என்றோ, குதிரை செய்யச் சொல்லி வேளாருக்குக் கொடுக்கும் பிடிமண் என்றோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒருவர் தேடினால், முந்நூறு பக்கத்தில் அந்தச் சொற்கள் நூறு முறை வந்திருந்தாலும் பயனில்லை. விவரப் பக்கத்தில் யூனிகோடில் எழுதிய சுருக்கம் இருந்து, அதில் அச்சொற்கள் இருந்தால்தான் ஆய்வேடு அகப்படும். பல ஆய்வேடுகளுக்கு அந்த இடத்தில் சில ஆங்கில வரிகளே இருக்கின்றன.

எம்.ஃபில். ஆய்வேடுகளின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. 2022 விதிகளோடு அந்தப் படிப்பே நின்றுவிட்டது. ஊர்த் தெய்வங்கள், வட்டார வழக்கு, தாலாட்டு, ஒப்பாரி, கண்மாய்கள் என்று மாணவர்கள் பல்லாண்டு திரட்டியவை பெரும்பாலும் துறை அலமாரிகளில் அடங்கிக் கிடக்கின்றன. அப்பாடல்களைப் பாடிய பாட்டிமார் பலர் இன்று இல்லை.

கண்டதைச் சொல்லும் பக்கம்

நம் மாணவி வேறு மாதிரி எழுதியிருந்தால் எப்படியிருக்கும்? கீழே உள்ள முடிவு என் கற்பனை. அமைப்பைக் காட்டவே தருகிறேன்.

'புரவியெடுப்பு பற்றிய ஆய்வுகள் குதிரையின் கலை வடிவத்தையே பெரிதும் பேசின. குதிரை செய்யும் வேளாருக்குப் பிடிமண் கொடுக்கும் உரிமை யாருடையது, அது எப்போது மாறுகிறது என்று இந்த ஆய்வு கேட்கிறது. திருமயம் வட்டாரத்தில் விழா நடக்கும் சிற்றூர்களில் நேரில் கண்டும், வேளார்களையும் ஊர்ப் பெரியவர்களையும் நேர்கண்டும் தரவுகள் திரட்டப்பட்டன. கண்மாய்ப் பாசனம் முறையாக நடக்கும் ஊர்களில் பிடிமண் உரிமை தலைமுறைகளாக ஒரே குடும்பத்தில் நிற்கிறது. கண்மாய் தூர்ந்த ஊர்களில் அந்த உரிமை வெளியூரில் சம்பாதித்துத் திரும்பியவர்களிடம் போயிருக்கிறது. ஆகவே பிடிமண் மரியாதை பழமையின் எச்சமாக நிற்காமல், ஊரின் பொருளாதாரம் மாறும்போது தானும் மாறுகிறது.'

ஆறே வாக்கியம். எந்த இயலில் எது என்ற பேச்சே இல்லை. தேர்வாளருக்கு வாய்மொழித் தேர்வில் கேட்கக் கேள்வி கிடைத்துவிட்டது. சிவகங்கைப் பக்கம் ஆய்வு செய்யும் இன்னொரு மாணவருக்குத் தன் ஊரில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூற்று கிடைத்துவிட்டது. பல்கலைக்கழகம் கேட்கும் உட்தலைப்புகளை விடமுடியாது என்றால் விடவேண்டாம். நோக்கமும் எல்லையும் இருக்கட்டும். ஒவ்வோர் இயலுக்கும் எதிரே, ஆராய்கிறது என்று முடிக்காமல், ஆராய்ந்து கண்ட சேதியை எழுதினால் போதும். பாயிரமும் இருக்கும், பலனும் இருக்கும்.

நெறியாளர்களுக்கும் துறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. களப்பணி முடிந்ததும், முதல் இயலை எழுதத் தொடங்குமுன், நீ கண்டதை ஐந்து வாக்கியத்தில் சொல்லம்மா என்று நெறியாளர் கேட்கலாம். அப்போதே சொல்ல வராவிட்டால் களத்துக்கு மறுபடி போக நேரம் இருக்கும். துறைகள் தம் அலமாரியிலுள்ள எம்.ஃபில். ஆய்வேடுகளுக்கு ஒரு பத்திச் சுருக்கம் யூனிகோடில் தட்டச்சு செய்து பொதுவில் வைக்கலாம். 1929-இல் ஒரு சிறு சமஸ்தானம் பாறைகளுக்குச் செய்ததை, இன்று கணினி வைத்திருக்கும் கல்லூரிகள் தாள்களுக்குச் செய்யமுடியாதா?

ஆய்வு மாணவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. வேளார் தன் வேலையை நிறுத்திவிட்டு உங்களோடு பேசினார். ஒரு பாட்டி நினைவைக் கூட்டிப் பாடிக் காட்டினார். அவர்கள் கொடுத்தது வெளியே போக வழி அந்தச் சில தாள்கள்தான். அதற்குக் கடைசி இரவைக் கொடுக்காமல் ஒரு வாரம் கொடுங்கள். எழுதிய பிறகு அதை வேளாருக்கே படித்துக் காட்டுங்கள். நாங்க சொன்னது இதில் இருக்கிறது என்று அவர் சொன்னால், பல்கலைப்பேரூருக்குக் கொண்டுபோகலாம்.